பசியும் ருசியும் எங்கே தொடங்குகின்றன? கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துத் தாய்மார்களும் அவர்களுடைய அம்மாக்களும் மாமியார்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. "பிள்ளை சாப்பிட மாட்டேங்குது" என்ற கவலை பெரும்பாலும் ஒன்பதாம் மாதத்திலோ ஒன்றரை வயதிலோதான் வெளியே வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளை எதை விரும்பும், எப்போது போதும் என்று வாயை மூடும் என்பதெல்லாம் அதற்கு வெகு முன்பே, தாயின் தட்டிலிருந்தும் பால் கொடுக்கும் விதத்திலிருந்தும் உருவாகத் தொடங்கிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளின் தட்டைத்தான் முதலில் குறைக்கிறோம். அது மாற வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் சாப்பிடுறது வயித்துல இருக்கிற பிள்ளைக்குத் தெரியுமா?

தெரியும். பனிக்குட நீரைப் பிள்ளை நாள் முழுக்க விழுங்கிக்கொண்டிருக்கிறது. தாய் சாப்பிடும் பூண்டு, சோம்பு, காரட் போன்றவற்றின் மணம் அந்த நீரில் கலக்கிறது. நாக்கும் மூக்கும் கர்ப்பத்தின் பின்பாதியிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுவதால் பிள்ளை அதை உணர்கிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மென்னெல்லா என்ற ஆய்வாளர், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் சில பெண்களுக்கு வாரம் 4 நாள் வீதம் 3 வாரம் காரட் சாறு கொடுத்தார். இன்னொரு குழுவினர் பாலூட்டும் காலத்தில் குடித்தார்கள், மூன்றாவது குழுவினருக்குத் தண்ணீர் மட்டும். பிறகு அந்தப் பிள்ளைகளுக்குத் திட உணவு தொடங்கியபோது காரட் கலந்த கூழைக் கொடுத்தார்கள். வயிற்றிலோ பாலிலோ காரட் மணம் பழகிய பிள்ளைகள் முகம் சுளிப்பது குறைவாக இருந்தது. இந்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிரான்சில், கர்ப்பத்தில் சோம்பு மணமுள்ள பண்டங்கள் சாப்பிட்ட பெண்களின் பிள்ளைகள், பிறந்த சில மணி நேரத்திலேயே சோம்பு வாசனை வந்த பக்கம் தலையைத் திருப்பியதைப் பதிவு செய்தார்கள்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று கட்டுச்சாதம் கட்டி மகளுக்கு ஊட்டுகிறோமே, நாக்குக்குப் பல ருசி காட்ட அது நல்ல காலம்தான். ஆனால் ஒரு நாள் விருந்தோடு அது நின்றுபோகக் கூடாது. கடைசி மூன்று மாதமும் முருங்கைக்கீரை, வாழைப்பூ, மணத்தக்காளி, சுண்டைக்காய், அளவாகப் பாகற்காய் என்று துவர்ப்பும் கசப்பும் தட்டில் வரட்டும். இனிப்பைப் பிள்ளை தானாகவே விரும்பும், யாரும் பழக்க வேண்டியதில்லை. கசப்பைத்தான் பழக்க வேண்டும்.

மசக்கையில எதுவுமே உள்ள தங்கல. பிள்ளைக்குப் பசியே இல்லாமப் போயிடுமா?

போகாது. முதல் மூன்று மாதத்தில் பிள்ளையின் தேவை மிகச் சிறியது. எது தங்குகிறதோ அதைச் சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். பழைய சோறும் நாரத்தங்காய் ஊறுகாயும்தான் இறங்குகிறது என்றால் இரண்டு வாரத்துக்கு அதுவே போதும். எடை குறைந்துகொண்டே போனாலோ, சிறுநீர் அடர்ந்து குறைந்து போனாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நீண்ட பட்டினி வேறு விஷயம். இரண்டாம் உலகப் போரின்போது 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய் பட்டினி கிடந்த பிள்ளைகளிடையே, 19 வயதில் உடல் பருமன் அதிகமாக இருந்தது. உணவு கிடைக்காத உலகத்துக்குத் தயாரான உடம்பு, கிடைத்ததை எல்லாம் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள்.

மறுபக்கமும் உண்டு. கர்ப்பகாலச் சர்க்கரை நோயைக் கவனிக்காமல் விட்டால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிறக்கலாம், பின்னால் பருமனுக்கும் சர்க்கரை நோய்க்கும் ஆளாகும் வாய்ப்பும் கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்களே, அது இதற்காகத்தான். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா பரப்பிய எளிய முறை அது. "குமட்டுது" என்று தவிர்த்துவிடாதீர்கள்.

பிள்ளை பிறந்ததும் சேனைத்தண்ணி தொட்டு வைக்கணும்னு சொல்றாங்க. வைக்கலாமா?

வேண்டாம். குணமுள்ள ஒருவர் கையால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அந்தப் பெரியவர் பிள்ளையை மடியில் வைத்து ஆசி சொல்லட்டும். நாக்கில் முதலில் படவேண்டியது சீம்பால்தான், அதுவும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள். சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனால் மார்பைத் தேடும் வேகம் குறையும், கிருமியும் போகலாம். தேன் ஒரு வயது முடியும் வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும்.

பத்தியம் இருக்கணுமா? எத்தனை நாள்?

இதைத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கிறார்கள்.

பத்தியத்தில் சேர்ப்பவற்றில் பெரும்பாலானவை நல்லவை. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுக்கு, உளுந்தங்களி, நல்லெண்ணெய், முருங்கைக்கீரைப் பொரியல், நெத்திலிக் கருவாடு, வற்றல்கள் இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூண்டைப் பற்றி 1991-லேயே மென்னெல்லாவும் அவருடைய சக ஆய்வாளர் கேரி பூஷாம்பும் ஒரு விஷயம் கண்டார்கள். தாய் பூண்டு சாப்பிட்டு சுமார் 2 மணி நேரத்தில் பாலில் அதன் வாசனை உச்சத்துக்கு வருகிறது. அந்த நேரத்தில் பிள்ளைகள் மார்பை விட்டு விலகாமல் கூடுதல் நேரம் குடித்தார்கள். வாசனைக்குப் பயந்து பால் குடிக்காது என்று நினைத்ததற்கு நேர் எதிர்.

தொல்லை, பத்தியத்தில் நீக்குபவற்றில் இருக்கிறது. மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து மூன்று வாரமான பெண்ணின் மதியத் தட்டைப் பார்த்தேன். குழைந்த பச்சரிசிச் சோறு, மேலே பூண்டுக் குழம்பு, ஓரத்தில் சுட்ட அப்பளம். பருப்பு வாயு, கீரை பிள்ளைக்குப் பேதி, தயிர் சளி, வாழைப்பழம் குளிர்ச்சி, முட்டை மாந்தம் என்று ஒவ்வொன்றாகக் கழிந்து போயிருந்தது. ஒரு டம்ளர் வெந்நீர், அதுவும் வயிறு போட்டுவிடும் என்று அளந்து. கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்கியது. அந்த மாமியார் கொடுமைக்காரர் இல்லை. மருமகள் மேல் உயிரையே வைத்திருந்தார், விடிகாலையில் எழுந்து அந்தக் குழம்பை வைத்திருந்தார். தமக்கு அவர் மாமியார் செய்ததைச் செய்தார், அவ்வளவுதான்.

அந்தத் தட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? பாலின் அளவும் அதிலுள்ள புரதமும் கால்சியமும் அவ்வளவு எளிதில் குறையாது. உணவில் கால்சியம் போதாவிட்டாலும் தாயின் எலும்பிலிருந்து எடுத்துப் பாலுக்குக் கொடுத்துவிடும் உடம்பு. ஆனால் பி1, பி2, பி6, பி12, வைட்டமின் ஏ, அயோடின் போன்றவையும் கொழுப்பின் வகையும் தாய் சாப்பிடுவதைப் பொறுத்து மாறும். இதில் இரண்டு, பிள்ளையின் பசியையே நேராகத் தாக்கக்கூடியவை.

ஒன்று பி1, அதாவது தயமின். தீட்டிய வெள்ளைப் பச்சரிசிச் சோறு மட்டுமே தின்று, துணைக்குப் பருப்பும் காயும் இல்லாத தாயின் பாலில் இது குறைந்து போகும். குறை முற்றினால் இரண்டு மூன்று மாதப் பிள்ளை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், அழுகை கம்மிப்போகும், இதயமே பாதிக்கப்படலாம். பெரிபெரி என்ற இந்த நோய் 1930-களில் ஆந்திரக் கடற்கரையில் பச்சரிசி தின்ற மக்களிடம் பரவலாக இருந்தபோது, புழுங்கலரிசி தின்ற தமிழ்நாட்டில் அரிதாகவே இருந்தது. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் அய்க்ராய்டு என்பவரின் குழு இதற்கான காரணத்தை விளக்கியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. நம் பாட்டிமார் முற்றத்தில் நெல் அவித்துக் காயவைத்தது எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் அந்தப் புழுங்கலரிசியை ஒதுக்கிவிட்டுப் பச்சரிசிக்கு ஏன் போகிறோம்?

இரண்டாவது பி12. இது தாவர உணவில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. சைவ வீட்டில் பத்தியத்துக்காகத் தயிரையும் நிறுத்திவிட்டால் தாய்க்கு வழியே இல்லை. அந்தப் பாலை மட்டும் குடித்து வளரும் பிள்ளை ஆறேழு மாதத்தில் சுறுசுறுப்பு இழக்கும், சிரிப்பது குறையும், சோறு ஊட்டினால் வாயே திறக்காது. முற்றினால் கைகால் நடுக்கம் வரும். மருந்து கொடுத்தால் குணமாகும், ஆனால் மூளை வளரும் காலம் வீணாகக் கழிந்திருக்கும்.

எனவே என் பதில்: சேர்ப்பதைச் சேருங்கள், நீக்குவதை நிறுத்துங்கள். குழந்தை பிறந்த மறுநாளிலிருந்தே தாய், வீட்டில் சமைக்கும் எல்லாவற்றையும் சாப்பிடலாம். அறுவை சிகிச்சை என்றால் மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து. முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். இன்னும் ஒரு வேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சம்பா அறுவடைக்கு முன் ஈர வயலில் தெளிக்கும் உளுந்தும் பச்சைப்பயறும், வாய்க்கால் கெண்டை, கொல்லைக் கீரை, பூவன் பழம் எல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. காவிரித் தண்ணீரில் விளைவது எல்லாம் வீட்டுக்கு வரும்போது, பால் கொடுப்பவள் தட்டுக்கு மட்டும் ஏன் வரக்கூடாது?

சுறாப்புட்டு சாப்பிட்டா பால் ஊறுமாமே?

பால் ஊறுவதற்கு முதல் காரணம், பிள்ளை அடிக்கடி சப்பிப் பாலைக் காலி செய்வதுதான். சுறா, புரதம் நிறைந்த மீன் என்பது உண்மை. ஆனால் பிற மீன்களைத் தின்று வாழும் மீன் என்பதால் அதன் உடம்பில் பாதரசம் சேருகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவைப் பல நாடுகள் முதலில் வைத்திருக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து வண்டியில் வரும் மீனில் நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்களைத் தேடி வாங்குங்கள். அதே புட்டை அவற்றில் செய்யலாம். பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு மத்தியில் ஏராளம்.

நான் சாப்பிட்டதாலதான் பிள்ளைக்கு மாந்தம் வந்துச்சுங்கிறாங்க. உண்மையா?

பெரும்பாலும் இல்லை. பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி ஆறாவது வாரம் உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும் மாலை நேர அழுகை, தாய் என்ன சாப்பிட்டாலும் பல பிள்ளைகளுக்கு வரும். தயிரால் சளி வராது, சளி கிருமியால் வருகிறது. பால் கக்குவது சின்ன வயிற்றின் இயல்பு, எடை ஏறுகிறதென்றால் கவலை வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில பிள்ளைகளுக்கு, தாய் குடிக்கும் பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியே போய் ஒவ்வாமை தரும். மலத்தில் ரத்தமோ அதிகச் சளியோ, விடாத சொறியோ தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகத்தின் பேரில் நீங்களாக ஒவ்வொன்றாக நிறுத்தாதீர்கள்.

காப்பி? வெற்றிலை?

கும்பகோணம் பக்கத்துக்காரருக்குக் காப்பியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது, அவசியமும் இல்லை. நாளுக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காஃபீனைப் பச்சைப்பிள்ளையின் உடம்பு மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். அளவு மீறினால் தூக்கம் கெட்டு, சிடுசிடுவென்று இருக்கும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உங்களுக்கு இரும்புச்சத்து சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். புகையிலை ஒரு துணுக்குக்கூட வேண்டாம், நிக்கோடின் பாலுக்குப் போகும். பாக்கும் வேண்டாம்.

பால் பத்தலைன்னு எல்லாரும் சொல்றாங்க. புட்டியில பவுடர் பால் குடுக்கட்டுமா?

முதலில் பத்தவில்லையா என்று பாருங்கள். ஒரு வாரம் ஆன பிள்ளை நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் ஒன்றுக்குப் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா, அதன் பிறகு ஏறுகிறதா? ஆம் என்றால் பால் போதுகிறது. அழுவது, கையைச் சூப்புவது, மாலையில் அடிக்கடி கேட்பது இவையெல்லாம் பால் குறைவுக்குச் சான்று ஆகாது. சந்தேகம் இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பால் கொடுப்பதைக் காட்டுங்கள். பிள்ளை வாயில் பிடிக்கும் விதத்தைச் சரிசெய்தாலே பல பேருக்குத் தீர்ந்துவிடும்.

பசியைப் பொறுத்தவரை புட்டிக்கு ஒரு தனிக் குறை உண்டு. மார்பில் குடிக்கும் பிள்ளை வேகத்தையும் அளவையும் தானே முடிவு செய்கிறது. எவ்வளவு மிச்சம் என்று தாய்க்குத் தெரியாது, அதனால் கட்டாயப்படுத்தவும் வழியில்லை. புட்டியில் கோடு போட்டிருக்கிறது. இன்னும் 20 மில்லிதானே என்று பெரியவர் கை தானாக அழுத்தும். 2010-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் மாதங்களில் புட்டியில் அதிகம் குடித்த பிள்ளைகள், ஆறு மாதத்துக்குப் பிறகு டம்ளரில் கொடுத்தாலும் கடைசிச் சொட்டுவரை காலி செய்யும் பழக்கம் அதிகமாக இருந்தது. உள்ளே இருந்தது பவுடர் பாலா, பிழிந்தெடுத்த தாய்ப்பாலா என்பது வித்தியாசம் செய்யவில்லை. போதும் என்ற உணர்வை மதிக்காமல் விட்டால் அது மங்கிப்போகிறது.

ருசியிலும் வேறுபாடு இருக்கிறது. பவுடர் பால் நாள்தோறும் ஒரே ருசி. தாய்ப்பாலில் நேற்று வைத்த ரசமும் இன்று வதக்கிய பூண்டும் வந்து போகும். தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் புதுக் காய்கறியைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் தாயே காய்கறி சாப்பிடவில்லை என்றால் பாலில் எது வரும்? தாய்ப்பால் கொடுத்தும் அந்தப் பலன் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

மருத்துவக் காரணத்தால் பவுடர் பால் கொடுத்தே ஆக வேண்டியவர்கள் மனம் நொந்துகொள்ள ஒன்றுமில்லை. பாலாடையிலோ (பால் புகட்டும் சங்கிலோ) கிண்ணத்திலோ கொடுங்கள். பிள்ளை தலையைத் திருப்பினால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கடைக்காரரோ விற்பனை ஆளோ இதுதான் சிறந்தது என்று டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பால் பவுடரையும் புட்டியையும் விளம்பரம் செய்வதே 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நடவுக்கோ வேலைக்கோ போகணும். என்ன செய்யலாம்?

கிளம்பும் முன் ஒரு தடவை, வந்தவுடன் ஒரு தடவை, இரவில் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். இடையில் பிழிந்தெடுத்த பாலை அப்பாயி பாலாடையில் கொடுக்கட்டும். சித்திரை வெயிலில் வெளியே வைத்த பால் சீக்கிரம் கெடும், 4 மணி நேரம் என்று சொல்வது 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்கு. குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரை இருக்கும். வயலோரம் தூளி கட்டிப் பிள்ளையை வைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பழமை என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை இருக்கிறது, கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள்.

பசிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அழுவதற்கு முன்பே சொல்லிவிடும். கையை வாய்க்குக் கொண்டு போகும், உதட்டைச் சப்புக் கொட்டும், தலையை இருபக்கமும் திருப்பித் தேடும். போதும் என்றால் சப்புவது மெதுவாகும், இறுக்கிய விரல்கள் விரியும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எல்லா அழுகைக்கும் பால் கொடுத்தால், அழுகைக்கு மருந்து சாப்பாடு என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். சில நேரம் தூக்கி வைத்துக்கொண்டாலே போதும்.

ஆறு மாசம் ஆச்சு. முதல்ல என்ன குடுக்கலாம்?

நொய்க்கஞ்சி மட்டும் போதாது, தண்ணியாக இருந்தால் அதிலும் குறைவு. சோறும் பருப்பும் நன்றாகக் குழைத்து, ஸ்பூனைச் சாய்த்தாலும் ஒழுகாத பதத்தில், ஒரு சொட்டு நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுத் தொடங்குங்கள். 2 அல்லது 3 ஸ்பூன், நாளுக்கு 2 அல்லது 3 வேளை. முதல் வாரத்திலிருந்தே காயும் கீரையும் வரட்டும். வாழைப்பழத்தையும் சத்துமாவு உருண்டையையும் பழக்கிவிட்டுப் பிறகு பீர்க்கங்காயைக் காட்டினால் சண்டைதான். அங்கன்வாடிச் சத்துமாவு நல்லது, ஆனால் வெல்லம் கலந்தது. ஒரு வேளைக்கு மேல் வேண்டாம்.

பிறக்கும்போது சேர்த்து வைத்திருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தசோகை பசியை மந்தமாக்கும், பசி குறைந்தால் ரத்தசோகை கூடும். முட்டை, முள் எடுத்த மீன், ஈரல், கீரையோடு எலுமிச்சைச் சாறு சேருங்கள். வாரம் இருமுறை செவிலியர் தரும் இரும்புச்சத்து மருந்தைத் தவறாமல் கொடுங்கள்.

கீரையைத் துப்பிடுது. பிடிக்கலைன்னு விட்டுடலாமா?

விடக்கூடாது. திணிக்கவும் கூடாது.

ஒரு ஏழு மாதப் பிள்ளைக்கு முதன்முதலாக மணத்தக்காளிக் கீரை மசியல் கொடுப்பதை உற்றுப் பாருங்கள். புருவம் சுருங்கும், மூக்கு மேலேறும், நாக்கு உருண்டையை வெளியே தள்ளும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லாரும் "பிடிக்கலை" என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் சற்றுப் பொறுத்து ஸ்பூனைக் கிட்டே கொண்டு போனால், அதே பிள்ளை அதே சுருங்கிய புருவத்தோடு வாயைத் திறப்பதையும் பார்க்கலாம். நாக்கால் தள்ளுவதற்குப் பாதிக் காரணம் அதற்கு இன்னும் விழுங்கப் பழகவில்லை என்பதே. ஐரோப்பாவில் 2007-ல் வந்த ஓர் ஆய்வில், பிள்ளை மறுத்த காயையே ஒருநாள் விட்டு ஒருநாள் 8 தடவை கொடுத்துப் பார்த்தார்கள், 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடத் தொடங்கின. பெரும்பாலான தாய்மார் இரண்டு மூன்று தடவையில் கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு ஸ்பூன் போதும், முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி.

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை தேவையில்லை. "சப்புன்னு இருக்கு" என்பது நம் நாக்குக்கு.

செல்போன் காட்டினாத்தான் சாப்பிடுது. வேற வழி?

திரையைப் பார்க்கும் பிள்ளை வாயைத் திறக்கும், விழுங்கும். ஆனால் வயிறு சொல்வதைக் கேட்காது. இன்றைக்கு ஒரு கிண்ணம் உள்ளே போய்விட்டது என்று நிம்மதி, நாளைக்குப் போன் இல்லாமல் ஒரு வாய்கூட இல்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு கோழியையும் மாட்டையும் காட்டி ஊட்டுவதும் கவனத்தைத் திருப்புவதுதான், ஆனால் அதில் பேச்சு இருக்கிறது, ஊட்டுபவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். இரண்டையும் ஒன்றாக நான் வைக்க மாட்டேன்.

அளவைப் பிள்ளையிடம் விட்டால் என்ன ஆகும் என்ற பயத்துக்கு ஒரு பழைய ஆய்வு பதில் சொல்கிறது. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், அப்போதுதான் பால் மறந்த பிள்ளைகள் முன் கறி, தானியம், காய், பழம், பால் எனப் பல உணவுகளைத் தட்டுகளில் வைத்தார். செவிலியர் எதையும் நீட்டவோ வற்புறுத்தவோ கூடாது, பிள்ளை கைகாட்டினால் மட்டும் ஊட்டலாம். முதல் முடிவுகளை 1928-ல் வெளியிட்டார். ஒவ்வொரு வேளையும் விசித்திரமாகச் சாப்பிட்ட அந்தப் பிள்ளைகள் மொத்தத்தில் நன்றாக வளர்ந்தன. ஆனால் ரகசியம் உணவுப் பட்டியலில் இருக்கிறது என்று அவரே சொன்னார். தட்டில் இனிப்புப் பண்டமோ பதப்படுத்திய தீனியோ இல்லை. எதை வைப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் உரிமை.

ஒன்றரை வயசு. பால் மட்டும்தான் குடிக்குது, சோறே தொடறதில்லை.

எத்தனை தடவை பால் என்று எண்ணிப் பாருங்கள். நாளுக்கு நாலைந்து புட்டி பசும்பால் போனால் வயிற்றில் இடமில்லை. பசும்பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. நாளுக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் வேண்டாம், அதுவும் டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு. இடைத்தீனியாக பிஸ்கட், பாக்கெட் சிப்ஸ் வருவதை நிறுத்தினாலே சில வாரத்தில் மாற்றம் தெரியும். தாய்ப்பாலை 2 வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம், சோற்றுக்கு முந்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வசம்பு உரசிக் குடுத்தா, தொக்கம் எடுத்தா பசி எடுக்குமா?

வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, பிஞ்சுப் பிள்ளைக்கு உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். கையில் வளையமாகக் கட்டினாலும் வாயில் வைத்துச் சப்பும், அதுவும் வேண்டாம். உள்ளே சிக்கிய உணவை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது இரண்டும் ஆபத்து. கடையில் விற்கும் பசி டானிக்குகளும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். திடீரென்று பசி போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத்தான் தேட வேண்டும்.

எப்போ மருத்துவமனைக்குப் போகணும்?

இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினாலோ, எழுப்பியும் சப்பாமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே, அந்த நேரமே. பெரிய பிள்ளைக்கு: எடை இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் நின்றால், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தால், நகமும் உள்ளங்கையும் வெளுத்திருந்தால், முன்பு செய்ததை எல்லாம் மறந்ததுபோல் மந்தமாக இருந்தால். தாய் சேய் நல அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். தாய் என்ன சாப்பிடுகிறார் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எந்த நேரத்திலும் ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.